நாற்பத்தொரு கௌதாரிகள்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று ஆணையிட்டுத் தொடங்குகிறேன். மேலே இருப்பவனைச் சாட்சிக்கு இழுக்க எனக்கு மனமில்லை. அவனுக்கு ஆயிரம் வேலை. ஆகவே என் ஆதார் அட்டையின் மேல் ஆணை. அதில் பிறந்த வருடமும் புகைப்படமும் தவறு. மற்றதெல்லாம் சரி.

என் பெயர் காஜா முகைதீன். வயது எழுபத்து நான்கு. ஊர் ஏழுபனை. பாளையங்கோட்டையில் பஸ் ஏறினால் தெற்கே ஒரு மணி நேரம். தாமிரபரணித் தண்ணீர் கால்வாயில் ஓடி எங்கள் ஊருக்கு மூன்று மைல் வடக்கே வரைக்கும் வரும். அங்கே நெல்வயலைப் பார்த்ததும் அதற்கு மேல் வர மனமில்லாமல் நின்றுவிடும். இந்தப் பக்கம் செம்மண், குடை விரித்த உடைமரம், முழங்கால் உயரப் புல். எழுநூறு ஏக்கர். நாங்கள் பொட்டல் என்போம். சர்க்கார் காகிதத்தில் தரிசு என்று இருக்கும். ஒன்றுமில்லாத இடம் என்று பொருள். அந்த ஒன்றுமில்லாத இடத்தில் முயல் இருந்தது, உடும்பு இருந்தது, வானம்பாடி இருந்தது. கௌதாரி இருந்தது.

கௌதாரியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பாதி வளர்ந்த கோழி அளவு இருக்கும். உடம்பு முழுக்கப் பத்தமடைப் பாயில் கோரை ஓடுவதுபோல் மெல்லிய கோடுகள். பறக்கத் தெரியும், ஆனால் பிடிக்காது; ஓடத்தான் பிரியம். விடியும் நேரத்தில் ஆண் ஒரு கரையான் புற்றின் மேல் ஏறி நின்று, கிட்டீதர், கிட்டீதர், கிட்டீதர் என்று கத்தும். இது என் இடம், உள்ளே வந்தால் உதைப்பேன் என்று அர்த்தம். பக்கத்து ஆண் அதையே அவனுக்குத் திருப்பிச் சொல்லும். முத்திரைத்தாள் இல்லாமல், பத்திர எழுத்தர் இல்லாமல், சூரியன் கிளம்புவதற்குள் எழுநூறு ஏக்கரும் அளந்து பதிவாகிவிடும்.

இதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஆகையால் நான் பிடித்ததில்லை. என் பெயரும் என் முகமும் உள்ள ஒருவன் இளவயதில் பிடித்தான். மற்றவர்கள் அதற்குப் பார்வைக் கௌதாரி வைத்திருந்தார்கள். பழக்கிய ஆண் ஒன்றைக் கூண்டில் அடைத்துப் புல்லுக்குள் வைத்தால் அது கத்தும். காட்டு ஆண் யாரடா அவன் என்று சண்டைக்கு ஓடி வந்து, கூண்டைச் சுற்றி வைத்த கண்ணியில் காலைக் கொடுக்கும். நான் சொல்லும் ஆளுக்குக் கூண்டும் தேவையில்லை, பறவையும் தேவையில்லை. தானே புதருக்குள் உட்கார்ந்து கத்துவான். அந்தக் கத்தலில் ஆண் கௌதாரிகள் வேலியைத் தாண்டி வந்தன. ஒரு பெட்டைக் கௌதாரி, அவன் கழற்றி வைத்த தொப்பிக்குள் வந்து உட்கார்ந்து முட்டையே இட்டு அடைகாக்கத் தொடங்கிவிட்டது. அந்தத் தொப்பியை இருபது நாள் அவன் தலையில் போட முடியவில்லை. குஞ்சு பொரித்த பிறகுதான் பள்ளிவாசலுக்குப் போனான்.

எத்தனை பிடித்தான் என்று கேட்காதீர்கள். அலிமா பீவி எனக்கு மனைவியாக வந்த முதல் வருடம் எங்கள் வீட்டில் ஒரு கோழிகூட அறுக்கவில்லை. விருந்து மட்டும் குறையவில்லை. இப்போது அதை நினைத்தால் சோறு இறங்க மறுக்கிறது. ஆனால் அந்த நாளில் நன்றாகவே இறங்கியது.

நாற்பது வயதில் சவூதிக்குப் போனேன். தம்மாமில் ஒரு கட்டடக் கம்பெனியின் ஜெனரேட்டர் அறையில் இருபது வருடம். மூன்று என்ஜின்கள், இரவும் பகலும் ஓடும். கடைசி வருடங்களில் ஓடுகிறதா நின்றதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவேன், அவ்வளவு தேர்ச்சி. அங்கே ஒரு வெள்ளிக்கிழமை பாலைவனத்தில் நின்று ஊர் ஞாபகத்தில் ஒரு கத்துக் கத்தினேன். வானத்திலிருந்து ஓர் அரபியின் வேட்டை வல்லூறு நேரே இறங்கி என் தலையில் உட்கார்ந்துவிட்டது. இறங்க மாட்டேன் என்கிறது. அரபி வந்து பார்த்தார். வல்லூறைக் கேட்கவில்லை, என்னை விலைக்குக் கேட்டார். என்ஜின் பார்க்க ஆள் இல்லை என்று கம்பெனி மறுத்துவிட்டது.

ஊர் திரும்பியதும் ஒன்று கவனித்தேன். வெளிநாடு போய் வந்தவனுக்கு மரியாதை கூடிவிடுகிறது. முன்பு முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் இப்போது முகத்துக்கு நேரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசுகிறார்கள். அலிமா பீவி என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டுதான் எதையும் சொல்லுவாள். இருபது வருடப் பிரிவில் பெருகிய ஆசை.

மற்றொன்றையும் கவனித்தேன். விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டுப் பொட்டலுக்குப் போய் நின்றேன். கௌதாரிச் சத்தம் குறைந்திருந்தது. மிகவும் குறைந்திருந்தது. பல நாள் போய் நின்று, காதைத் தீட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினேன். ஐந்து ஆண்கள் மட்டுமே மிச்சம். யாரிடமும் சொல்லவில்லை. மிச்சம் ஐந்து என்று சொன்னால், மீதியைத் தின்றது யார் என்று கேட்பார்கள்.

நாலு வருடத்துக்கு முந்திய மாசி மாதம் டார்லின் வந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டீச்சர். முப்பத்தைந்து வயதிருக்கும். தொப்பி, கண்ணாடி, கையில் நோட்டு. பொட்டல் முழுவதையும் எடுத்துச் சூரிய மின்சாரப் பலகை வைக்க ஒரு கம்பெனி கேட்டிருந்தது. கௌதாரி குறைந்துகொண்டே வருகிறது, இந்தப் புல்லை விட்டுவிடுங்கள் என்று அவள் மேலிடத்துக்கு எழுதினாள். அப்படியானால் எண்ணிக் காட்டு என்று மேலிடம் பதில் எழுதியது.

டீக்கடையில் வைத்து அவள் இதைச் சொன்னாள். நானும் தேவசிகாமணியும் இருந்தோம். தேவசிகாமணிக்கு அறுபது செம்மறி ஆடுகள். பொட்டல் போனால் ஆட்டுக்குப் புல் போனது. அதனால் அவருக்குக் கௌதாரி மேல் திடீரென்று பாசம் வந்திருந்தது.

"மூணு நாளு, விடியக்காலம், ஏழு பேரு ஏழு எடத்துல நின்னு கேக்கப் போறோம், அண்ணாச்சி," என்றாள் டார்லின், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நல்ல வளர்ப்பு. "எத்தன ஆணு கத்துதுன்னு எழுதிக் குடுக்கணும். அத வச்சுத்தான் நெலத்த விடுதாங்களா எடுக்காங்களான்னு முடிவு."

"கொறஞ்சா என்ன செய்வாங்க, டீச்சர்?" என்றேன்.

அதற்குள் அவள் கைப்பேசி அழைத்தது. எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். அவள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் கதை இல்லை.

மிச்சம் ஐந்து என்பதை முதல் தடவையாகத் தேவசிகாமணியிடம் சொன்னேன். பதிலை அவர் சொன்னார். "கொறஞ்சா என்ன செய்வான்? அஞ்சு குருவிக்கு எழுநூறு ஏக்கரான்னு கேப்பான். ரேஷன் கட வந்த கத மறந்து போச்சா வே ஒமக்கு?"

எப்படி மறக்கும்? நான் தம்மாமுக்குப் போவதற்கு முந்திய வருடம் அது. எங்கள் ஊருக்கு ரேஷன் கடை வேண்டும் என்று கேட்டோம். இத்தனை குடும்பம் இருந்தால்தான் கடை என்று ஓர் அதிகாரி எண்ண வந்தார். எங்களுக்கு எண்பது குடும்பம் குறைவு. தேவசிகாமணியின் அக்கா சாரம்மாள் அன்று காலையில் எங்கள் தெருவில் முக்காடு போட்டுக்கொண்டு மூன்று வீட்டில் மருமகளாக இருந்தார். பிறகு புறவாசல் வழியாக ஓடி, கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் தெருவில் முக்காட்டை எடுத்துவிட்டு இரண்டு வீட்டில் மாமியாராக இருந்தார். என் வாப்பா மௌத்தாகி, அடக்கம் பண்ணி ஆறு வருடம் ஆகியிருந்தது. அவரும் எண்ணிக்கையில் கலந்துகொண்டார். கடை வந்தது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் எண்ண வருகிறவனுக்குத் தலையைக் கூட்டித்தான் காட்டுவோம். தலை கூடினால் கடை வரும், பஸ் நிற்கும், குழாய் வரும். குறைத்துக் காட்டி எதையும் வாங்கியதாக எங்கள் பக்கம் சரித்திரமே இல்லை.

"அஞ்ச நாப்பதாக்கணும்," என்றார் தேவசிகாமணி. "ஒம்மால முடியுமா வே?"

"நாப்பது என்ன, நாநூறு ஆக்குவேன். ஆனா ஏழு பேரு நிக்காங்களே. நான் எடம் மாறி எடம் மாறிப் போறத பாத்திருவாங்களே."

அவர் தம் ஆடுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் தாடியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

மூன்று விடிகாலையும் நான் ஆட்டு மந்தைக்கு நடுவில், கம்பளி போர்த்திக்கொண்டு, கையும் காலும் ஊன்றிப் போனேன். அறுபது ஆட்டில் அறுபத்தொன்றாவதை யார் எண்ணப்போகிறார்கள்? ஒரு கிடா மட்டும் முதல் நாள் என்னை உற்றுப் பார்த்தது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. மூன்றாம் நாள் எனக்கு முன்னால் நடந்து நெருஞ்சி இல்லாத வழியாக அழைத்துப் போனது. தேவசிகாமணி தொரட்டிக் கம்போடு பின்னால் வந்தார். புதருக்குப் புதர் மந்தை நிற்கும். நான் கத்துவேன்.

ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கத்தினால் டீச்சர் கண்டுபிடித்துவிடுவாள் அல்லவா? ஆகவே ஆளை மாற்றினேன். முதல் புதரில் ஒரு வாலிபக் கௌதாரி. அடுத்த புதரில் அவனை அதட்டும் நடுவயதுக்காரன். மூன்றாவதில் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போன ஒன்று. அதன் குரல் கடைசியில் உடையும். உவரிப் பக்கத்துக் கௌதாரி ஒன்று வைத்தேன். உப்புக்காற்றில் வளர்ந்ததால் முடிவை இழுக்கும். கொற்கையிலிருந்து எந்தக் காலத்திலோ குடிபெயர்ந்த பழைய குடும்பத்துக் கௌதாரி ஒன்று. அது மற்றவை கத்தி முடித்த பிறகுதான் வாயைத் திறக்கும். இப்படி முப்பத்தாறு பேர். ஒவ்வொருவரும் மூன்று நாளும் அதே புதரில், அதே வரிசையில். ஒரு நாள் வந்தவர் மறுநாள் வராமல் போனால் கணக்கு இடிக்குமே.

வீட்டுக்குப் போனதும் அலிமா பீவி என் தாடையைத் திருப்பினாள். "தொழுதுட்டு வாறேன்னு போனவங்க ஆட்டோட ஆடா திரும்பி வந்திருக்கீங்க. வேட்டியில பாருங்க, ஆட்டுப்புழுக்க. இந்த வயசுல இது தேவையா?"

"ஒரு நல்ல காரியம்."

"நல்ல காரியத்துக்கு ஏன் போத்திக்கிட்டுப் போகணும்?"

நான் வேட்டியை உதறினேன்.

மூன்றாம் நாள் ஏழரை மணிக்கு டார்லின் டீக்கடைக்கு ஓடி வந்தாள். முகம் பூரித்திருந்தது. நோட்டை என் கண்ணுக்கு நேரே விரித்துக் காட்டினாள். அடியில் கோடு போட்டு, 41.

ஐந்து அவை. முப்பத்தாறு நான். கணக்கு அச்சாக வந்திருந்தது.

"இவ்வளவு இருக்கும்னு நெனைக்கவே இல்ல, அண்ணாச்சி," என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் சந்தோஷத்தில் நானும் சந்தோஷப்பட்டேன். என் வாழ்நாளில் நான் கௌதாரிகளைக் கூட்டியது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு மாதத்தில் மேலிடத்திலிருந்து காகிதம் வந்தது. டார்லின் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. காகிதத்தை என் கையில் கொடுத்தாள். நான் படித்தேன்.

'மேற்படி இனம் மேற்படி நிலத்தில் போதிய எண்ணிக்கையில் காணப்படுவதாலும், மனித நடமாட்டத்தாலும் கால்நடை நடமாட்டத்தாலும் பாதிக்கப்படாமல் செழித்து வாழ்வதாலும், தனிப் பாதுகாப்பு எதுவும் தேவையில்லை எனக் கருதப்படுகிறது.'

அந்தக் கால்நடை நடமாட்டம் நான்தான்.

"கூடிப்போச்சாம், அண்ணாச்சி," என்றாள் டார்லின். "பத்து வருசத்துக்கு முன்ன இதே பொட்டல்ல தொண்ணூறு எண்ணியிருக்காங்க. பாதிக்கு மேல போயிட்டுன்னு எழுதியிருந்தேன். அவங்க தொண்ணூறப் பாக்கல. நாப்பத்தொண்ண மட்டும் பாத்திருக்காங்க. இவ்வளவு இருக்கே, பெறகு என்னன்னு கேக்காங்க."

"கொறஞ்சிருந்தா?"

"கொறஞ்சிருந்தா நெலத்த விட்டிருப்பாங்க."

அலிமா பீவி காபி கொண்டு வந்தாள். நான் காகிதத்தை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள். டார்லின் போன பிறகு நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு, கம்பளி, முப்பத்தாறு பேர், கொற்கைக் குடும்பம். அவள் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பாள்.

"இனி ஒரு கூட்டம் வச்சிருக்காங்கல்லா, கருத்துக் கேக்க?" என்றாள், என் தாடையை விடாமல். "பொய் சொல்லித்தான் அது போச்சுன்னா, அங்கன போயி உண்மையச் சொல்லித் திருப்பி வாங்கிட்டு வாங்க."

எழுபது வருடத்தில் உண்மையைச் சொல்லி எதையும் வாங்கிய அனுபவம் எனக்கு இல்லை. ஆனாலும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இருநூறு பேர் இருப்பார்கள். மேடையில் மணமக்கள் உட்காரும் இடத்தில் அதிகாரி ஒருவர். டார்லின் முதல் வரிசையில் நோட்டோடு இருந்தாள். என் முறை வந்தபோது தேவசிகாமணி என் விலாவில் இடித்தார். எழுந்தேன்.

"ஐயா, நாப்பத்தொண்ணுங்கிறது பொய்க்கணக்கு," என்றேன். "அங்கன இருக்கது அஞ்சுதான். மீதி முப்பத்தாறும் நான். டீச்சர் மேல குத்தம் இல்ல. நான் புதருக்குள்ள இருந்து கௌதாரி மாதிரி கத்துனேன். அந்த அம்மா ஏமாந்துட்டாங்க. கணக்க மாத்தி எழுதி, நெலத்த விட்டிருங்க."

அதிகாரி நல்ல மனிதர். என்னைப் பார்த்துக் கையைக் காட்டி, மைக்கை என் வாயருகே வைக்கச் சொன்னார். "எங்க, ஒரு தரம் கத்திக் காட்டுங்க பெரியவரே."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பொட்டலை நினைத்தேன். புற்றின்மேல் ஏறி நிற்கும் ஆணை நினைத்தேன். அலிமா பீவியின் முதல் வருடத்துச் சட்டியை நினைத்தேன். என் வாழ்க்கையிலேயே சிறந்த கத்தல் அது. அதில் முப்பத்தாறு பேரும் இருந்தார்கள்.

கண்ணைத் திறந்தேன். மண்டபம் முழுக்க வாய்கள் திறந்திருந்தன. தோள்கள் குலுங்கின. முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதிகாரி மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் உருகி நான் பார்த்ததில்லை. சரி, காரியம் முடிந்தது என்று நினைத்தேன். டார்லின் மட்டும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தில் ஒரு வரி எழுதினார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே மண்டபத்துப் படியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். டார்லின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதத் தொடங்கினாள். படித்தவர்கள் முக்கியமான விஷயத்தை எழுதித்தான் தருவார்கள். எழுதி என்னிடம் நீட்டினாள்.

'அண்ணாச்சி, அந்த மூன்று நாளும் உங்கள் சத்தம் எங்களுக்குக் கேட்டது. மந்தையில் ஏதோ ஓர் ஆட்டுக்கு நெஞ்சுச்சளி என்று நினைத்தோம். அதை யாரும் எழுதவில்லை. நாற்பத்தொன்றும் கௌதாரிகள்தான். எண்ணியது நான். எழுதிக் கொடுத்ததும் நான்.'

நான் இரண்டு தரம் படித்தேன். இப்படி ஒரு பெரிய மனசை நான் இந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை. கிழவன் மனம் நோகக்கூடாது என்று என் பழியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்ளுகிறாள்.

"இல்ல டீச்சர். பழி எனக்குத்தான்," என்றேன்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "நான் பேசாம இருந்திருக்கலாம். எண்ணவே போயிருக்கக் கூடாது."

"ரெண்டு பேரும் கெடங்க," என்றார் தேவசிகாமணி. "யோசன சொன்னவன் நான். ரேஷன் கடைய இழுத்தவன் நான். என்னைய ஏன் விடுதீங்க?"

இப்படி ஒரு பழியை மூன்று பேர் மூன்று பக்கமும் இழுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவரும் அதில் பங்கு கேட்கவில்லை. அந்தத் தாளை மடித்து என் ஆதார் அட்டையோடு வைத்திருக்கிறேன்.

ஆடி மாதம் இயந்திரங்கள் வந்தன. உடைமரங்களை வேரோடு தள்ளின. புற்றுகளை இடித்துச் சமப்படுத்தின. நான் சொன்ன முப்பத்தாறு புதரும் ஒரு வாரத்தில் போயின. எந்தப் புதரில் யார் இருந்தார் என்று எனக்குத் தெரியும் அல்லவா? ஒவ்வொன்றாகப் போவதை நின்று பார்த்தேன். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனவனின் புதர் போனபோது தேவசிகாமணி தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பலகைகள் வந்தன. எழுநூறு ஏக்கரும் கண்ணாடி. அடியில் புல் முளைத்தால் நிழல் விழும் என்று மருந்து அடித்தார்கள். சுற்றிலும் கம்பிவேலி. தேவசிகாமணி ஆடுகளை விற்றுவிட்டார். வழி காட்டிய கிடாவை மட்டும் விற்கவில்லை. அது வீட்டு வாசலில் நின்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையை ஆட்டும்.

டார்லின் வருடா வருடம் மாசியில் வந்தாள். கூட வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வேலியோரம் ஏழு இடத்திலும் அவளே மாறி மாறி நின்று கேட்டாள். முதல் வருடம் நோட்டில் ஆறு என்று எழுதினாள். மறுவருடம் ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த வருடமும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதை அவள் சுழியாகப் போடுவதில்லை. சிறிய கோடாகப் போடுவாள்.

நான் தினமும் போகிறேன். சுபுஹு முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து நேரே வேலிக்கு. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கத்துக் கத்துவேன். காவல்காரர் முதலில் விரட்டினார். இப்போது நாற்காலி போடுகிறார். நான் கத்திவிட்டுக் காத்திருப்பேன். அப்போது, பலகைகளின் மூன்றாவது வரிசைக்கு அப்பால், தென்கிழக்கு மூலையிலிருந்து, ஒன்று பதில் சொல்லும். கிட்டீதர், கிட்டீதர். ஒரே ஓர் ஆண். வயதானவன். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. இது என் இடம், உள்ளே வந்தால் உதைப்பேன் என்கிறான். வர மாட்டேன் என்று நான் சொல்லுவேன். ஒருநாளும் தவறியதில்லை.

இந்த மாசியில் டார்லினிடம் இதைச் சொன்னேன். எண்ணும் வேலையை முடித்துவிட்டுப் போகிறவள் நின்றுவிட்டாள். மறுநாள் விடியுமுன் எனக்காக வேலியருகே வந்து காத்திருந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அந்தக் காலையில் காற்றுகூட இல்லை. கண்ணாடிகளில் வானம் சிவந்துகொண்டிருந்தது.

நான் கத்தினேன். காத்திருந்தோம்.

அவன் பதில் சொன்னான். தெளிவாக, இரண்டு தரம்.

"கேட்டுதா, டீச்சர்?" என்றேன். "அந்தா, மூணாவது வரிசைக்கு அங்கன."

டார்லின் நான் காட்டிய பக்கம் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, என் முகத்துக்கு நேரே நின்று, கேட்டது என்று தலையை அசைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய நோட்டு கக்கத்திலேயே இருந்தது. அதை அவள் திறக்கவில்லை.

நான் தம்மாமிலிருந்து ஊர் திரும்பிப் பதினான்கு வருடம் ஆகிறது. என் இரண்டு காதும் முழுக்கக் கேட்காமல் போனது அதற்கும் இரண்டு வருடம் முந்தி.